அம்மா சொன்ன பொய்: மெய்யாக வாழ்வது பற்றி ஒரு கேள்வி

தலவாக்கலை மழை (ஞாயிறு, இரவு 9.42)

போன மாதம் அம்மாவைக் கண்புரை அறுவைக்காகக் கொழும்புக்குக் கூட்டி வந்தேன். வெள்ளவத்தையில் நான் இருக்கும் மாடியில் பத்து நாள் இருந்தார். அறுவை முடிந்த மறுநாள் பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா சூப் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் நின்றேன். "ஊரில என்ன செய்யிறீங்கள் அம்மா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. அம்மா தடுமாறவே இல்லை. "ரோட்டோரமா சின்னதா ஒரு கடை வச்சிருக்கோம்" என்றார்.

எங்களுக்குக் கடை கிடையாது. அம்மா 38 வருடமாகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார்.

அடுப்பை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். எதையும் மறைக்கச் சொல்லி அம்மாவிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் இங்கே வந்த 11 வருடமாக, எந்த ஊர் என்று கேட்பவர்களிடம் "நுவரெலியாப் பக்கம்" என்று மட்டும் சொல்லி வருகிறேன். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. மாவட்டம் நுவரெலியாதான், அதனால் அது பொய்யும் இல்லை. கேட்பவர் குளிரையும் குதிரைப் பந்தயத்தையும் பூந்தோட்டத்தையும் நினைத்துக்கொள்ளட்டும், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை நினைக்க வேண்டாம் என்றுதான் அதைச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அம்மா இதை எப்போது கவனித்தார்? யார் வீட்டு வாசலில் நான் அப்படிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றார்?

கூடத்துக்கு வந்தபோது அந்த அக்காவின் பார்வை அம்மாவின் கையில் இருந்தது. கொழுந்து கிள்ளிக் கிள்ளிப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் ஏறிய கறுப்பு. தேசிக்காய் தேய்த்தாலும் போகாது. அவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் மெய்யியலை, அதாவது தத்துவத்தை, ஒரு பாடமாக எடுத்தேன். பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தர் 1943இல் எழுதிய பெருநூலில் வரும் கஃபே பரிசாரகரைப் பற்றி ஒரு பரீட்சைக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த ஆளின் நடையில் கொஞ்சம் வேகம் கூட, குனிவில் கொஞ்சம் பணிவு கூட. பரிசாரகராக இருப்பதை அவர் நடித்துக் காட்டுகிறார். ஒரு கல் கல்லாக இருப்பதுபோலத் தானும் பரிசாரகர், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று தன்னை நம்ப வைத்துக்கொள்கிறார். மனிதன் தனக்கிருக்கும் சுதந்திரத்திடமிருந்து ஒளிந்துகொள்ளும் விதம் இது, தன்னைத்தானே ஏமாற்றுவது என்றார் சார்த்தர். நல்ல புள்ளி கிடைத்தது. எழுதிய நேரத்தில் என்னைப் பற்றி ஒரு வரிகூட நினைக்கவில்லை.

இப்போது அந்தப் பாடத்தின் பெயர்தான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. அன்று அம்மாவின் வாய் கடை என்றது, மெய் கொழுந்து என்றது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இது யாருடைய பொய்? உள்ளது உள்ளபடி வாழ வேண்டும் என்கிறோம். என்னைப் போன்ற ஒருத்திக்கு அது என்ன செய்வது?

---

பசறைக்காரன் (ஞாயிறு, இரவு 10.15)

தங்கச்சி, உங்களுடைய பொய். அம்மா அதை வாயால் சொன்னார், அவ்வளவுதான்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. தன் நெஞ்சு அறிந்ததைப் பொய்க்காதே, பொய்த்தால் அந்த நெஞ்சே உன்னைச் சுடும் என்று வள்ளுவர் சொன்னதற்கு மேல் எந்தப் பாரிஸ்காரரும் சொல்லிவிடவில்லை. சமையலறையில் நின்றபோது உங்களைச் சுட்டது அதுதான்.

டென்மார்க் மெய்யியலாளர் கியர்க்ககோர் 1846இல் உண்மை என்பது அகநிலை என்று எழுதினார். ஆளாளுக்கு ஓர் உண்மை என்று அதைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். அவர் கேட்டது வேறு. நீ உண்மை என்று சொல்வதற்காக உன் வாழ்க்கையைப் பணயம் வைத்திருக்கிறாயா? வைக்காவிட்டால் அது வெறும் தகவல். நான் என் முதல் நேர்முகத் தேர்வில் முகவரி கேட்டபோது தோட்டம், டிவிசன், லயம் எல்லாம் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் முகம் மாறியதைப் பார்த்தேன். வேலை கிடைக்கவில்லை. அடுத்ததிலும் அப்படியே சொன்னேன். 14 மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். ஒருநாளும் நெஞ்சு சுடவில்லை.

---

ஹப்புத்தளை மேகம் (ஞாயிறு, இரவு 10.31)

அண்ணே, அந்த 14 மாதமும் யாருடைய பேரில் சாப்பிட்டீர்கள்?

கியர்க்ககோர் நீங்கள் சொல்லும் அந்த நூலையும் இன்னும் பலவற்றையும் புனைபெயரில்தான் வெளியிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாமும் இங்கே சொந்தப் பெயரில் இல்லை.

---

பசறைக்காரன் (ஞாயிறு, இரவு 11.50)

அம்மாவின் பேரில். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒரு மணி நேரமாகப் பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

---

மூன்றாம் மேசை (திங்கள், அதிகாலை 1.20)

வேலை முடிந்து இப்போதுதான் அறைக்கு வந்தேன். அக்கா எழுதிய அந்தப் பரிசாரகர் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன், ஏனென்றால் என் தொழிலே அது. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ஒன்பது வருடமாகப் பரிமாறுகிறேன். பிறந்தது இறாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில்.

சார்த்தரை நான் படித்ததில்லை. ஆனால் அந்தக் கஃபேயில் அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் நாற்காலியில். அங்கிருந்து பார்த்தால் குனிவு கொஞ்சம் கூடத்தான் தெரியும்.

அந்தக் குனிவு எனக்கு மழைக்கோட்டு மாதிரி. விருந்தாளி திட்டினால் திட்டு கோட்டில் பட்டு வழிந்துவிடும், உள்ளே நனையாது. வேலைக்குச் சேர்ந்தபோது என் பெயர் நீளமாக இருக்கிறது என்று சட்டையில் குத்தும் தகட்டில் மூன்றெழுத்துப் பெயர் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு அதுவும் நல்லதுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். குடித்துவிட்டு ஒரு ஆள் மேசையில் தட்டிக் கூப்பிடுவது அந்த மூன்றெழுத்தைத்தானே, எங்கப்பா வைத்த பெயரை இல்லையே. சாப்பிட வருகிற எல்லார் மேசையிலும் என் மெய்யை எடுத்து வைக்க வேண்டிய கடன் எனக்கு இல்லை. அதனால் அக்காவின் "நுவரெலியாப் பக்கம்" எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. கேட்கிற எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டுமா என்ன?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். என் மகனுக்கு நாலு வயது. தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டான், என் காலில் கொட்டியது. நான் சட்டென்று குனிந்து, வலது கையை மடித்து வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். என் பிள்ளையிடம், ஹோட்டல் குரலில். மனைவி என்னையே பார்த்தாள். பிள்ளை பயந்து அழுதான். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன் என்று நினைத்திருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பாரிஸ் ஆள் சொன்னதில் ஏதோ இருக்கிறது. முழுக்க இல்லை.

---

காமன்பொட்டல் (திங்கள், காலை 6.05)

ஓய்வுபெற்ற ஆசிரியன். டிக்கோயாப் பக்கம். விடியற்காலையில் இதை வாசித்துவிட்டு நடக்கப் போகாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பசறைத் தம்பி சொன்ன குறளுக்கு முந்திய குறளையும் வாசிக்க வேண்டும். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் நம்மைச் சும்மா விட நினைக்கவில்லை. எந்த நன்மை, யாருக்கு என்று ஒவ்வொரு தரமும் நீயே பார் என்று விட்டிருக்கிறார்.

பிறரின் பார்வைக்குப் பயந்து வாழ்வதைப் பற்றி ஜெர்மன் மெய்யியலாளர் ஹைடெகர் 1927இல் நிறைய எழுதினார். குறிப்பிட்ட யாரும் இல்லாத, ஆனால் எல்லாரையும் ஆட்டி வைக்கும் அந்த "யாரோ". நம் பாட்டிமார் அதை "நாலு பேர்" என்பார்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள்? அந்த நாலு பேர் யார் என்று கேட்டால் ஒரு பெயரும் வராது. ஆனால் அந்த நாலு பேரிடமிருந்து விடுபட்டு மெய்யாக வாழ்வதை விளக்கிய அதே மனிதர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். எனக்கு அதை மறக்க முடிவதில்லை. தனக்கு உண்மையாக இருப்பது மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது.

தேர்வு என்று பேசுகிறோமே, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பிறகு 1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் ஒப்பமிட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தை நாங்களேதான் எழுத வேண்டும். எங்கள் காம்பராவில் ஒரு குப்பி விளக்கின் வெளிச்சத்தில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே இரவில் எழுதினார்கள். அப்பா இலங்கைக்கு எழுதினார். சித்தப்பா இந்தியாவுக்கு எழுதினார். இரண்டு பேருக்கும் அந்த நாட்டின் மேல் பாசம் என்று ஒன்றும் இல்லை. அப்பாவுக்குப் பாட்டியின் சமாதி இங்கே. சித்தப்பாவுக்குப் பிள்ளைகளின் பசி. சித்தப்பா குடும்பம் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் இராமேஸ்வரம் போனது. நான் ஸ்டேசனில் நின்றேன். அதன் பிறகு சித்தப்பாவை ஒரே ஒரு தரம் பார்த்தேன்.

சார்த்தர் 1945 ஒக்டோபரில் பாரிசில் ஆற்றிய உரையில் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறார். அண்ணன் போரில் இறந்துவிட்டான், தாய்க்கு இவன் ஒருவனே துணை. தாயோடு நிற்பதா, நாட்டை மீட்கப் போவதா என்று கேட்டு வந்தான். எந்த நூலும் எந்த விதியும் உனக்குச் சொல்லித் தராது, நீ சுதந்திரமானவன், நீயே முடிவு செய் என்றார். இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் குப்பி விளக்குத்தான் என் கண்ணில் நிற்கும். இரண்டு பேரும் முடிவு செய்தார்கள், அதற்கான விலையையும் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு முன்னமே கோட்டா போட்டிருந்தார்கள். சார்த்தரின் மாணவனுக்கு அது இல்லை.

இனி என் பெயருக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். என் சின்ன வயதில் ரதி வேடம் கட்டியவர் கவ்வாத்து வெட்டுகிற ஆள். வாட்டசாட்டமானவர், அதிகம் பேசமாட்டார். ஒரு வருடம் அவர் மனைவி பிரசவத்தில் தவறிவிட்டார். இவர் அழவில்லை. மூன்றாம் நாள் மலைக்கு வேலைக்குப் போனார். கல்நெஞ்சன் என்று லயமே பேசியது. அடுத்த மாசியில் காப்புக் கட்டி, சேலை உடுத்தி, காமன் எரிந்த பிறகு பொட்டலில் விழுந்து அவர் அழுத அழுகையை நான் இன்றுவரை வேறு எங்கும் கேட்கவில்லை. எல்லாருக்கும் விளங்கியது. யாரும் மூச்சு விடவில்லை. விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போனார்.

வேடம் என்றால் பொய் என்று எனக்குச் சொல்ல வராது, பிள்ளை. சில பேருக்கு வேடம் கட்டினால்தான் மெய் வெளியே வரும்.

---

ஹப்புத்தளை மேகம் (திங்கள், காலை 7.12)

சேர், பஸ்சில் நின்றுகொண்டு வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

---

அரைப்பேர் (திங்கள், இரவு 8.30)

இவ்வளவு நேரம் எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

நான் பொகவந்தலாவையில் லயத்தில் இருந்துதான் எழுதுகிறேன். சிக்னல் வாசற்படியில் மட்டும்தான் கிடைக்கும், அதனால் குளிரில் உட்கார்ந்திருக்கிறேன். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் வேலை. என் அம்மாவும் தங்கச்சியும் மலைக்குப் போகிறவர்கள்.

முதலாவது. மழை அக்கா எழுதியதையும் பசறை அண்ணன் எழுதியதையும் சேர்த்து வாசித்தால், தோட்டம் என்பது ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு குற்றம் மாதிரி இருக்கிறது. ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை, மற்றவர் துணிச்சலாக ஒப்புக்கொண்டார். நான் காலையில் எழும்பி இங்கேயே இருக்கிறேன். எனக்கு ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது? உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, என் பெயர். வெளியாருக்கு விளங்காது, அதனால் சொல்கிறேன். எங்களிடம் ஒருநாள் சம்பளத்துக்குப் பேர் என்று பெயர். இந்த மாதம் எத்தனை பேர் என்றுதான் கேட்போம். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால் ஒரு பேர். மழையில் கொழுந்து இல்லாமல் 18 வராவிட்டால் அரைப்பேர். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தண்ணிக் கழிவு, கூடைக் கழிவு என்று வெட்டிய பிறகு பார்க்கிற கணக்கு அது. அன்றைக்கு முழு நாளும் மலையில் நின்ற ஒரு மனுசி பாதிப் பேரோடு வீட்டுக்கு வருவாள். உங்கள் ஹைடெகரும் கியர்க்ககோரும் ஒருவன் தன் பேரைத் தானே அடைவதைப் பற்றி எழுதியிருக்கலாம். இங்கே பேரை நிறுத்துக் கொடுக்கிறது தராசு.

மூன்றாவது. என் படிப்பு உயர்தரத்தோடு நின்றுவிட்டது. ஆனால் புத்தகம் வாசிப்பேன். பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு 1942இல் எழுதியதை வாசித்தேன். மலைமேல் கல்லை உருட்டுகிறவன், அது கீழே வருகிறது, மறுபடி உருட்டுகிறான். அவன் சந்தோசமாக இருக்கிறான் என்று நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்று முடிக்கிறார். அந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்கும். கல் உருண்ட பிறகு அவன் கீழே இறங்கி வருகிற நேரத்தைப் பற்றி எழுதியிருப்பது எனக்காகவே எழுதியது மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் கடைசி வரியில் மட்டும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் கற்பனை செய்ய வேண்டும்? அவனிடம் கேட்கலாமே! ரோட்டில் வேன் நிறுத்தி இறங்குகிறவர்களும் எங்களைச் சிரிக்கச் சொல்லித்தான் படம் எடுக்கிறார்கள். படங்கு கட்டிய இடுப்பில் அட்டை ஊர்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. சந்தோசமாகவும் இருப்போம், அது வேறு. மலையில் நாங்கள் சிரிக்கிற சிரிப்பு படத்தில் வருகிற சிரிப்பு இல்லை.

1947இல் பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த போவுவார் எழுதியதை வாசித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. தான் சுதந்திரமாக இருக்க விரும்புகிறவர் மற்றவரும் சுதந்திரமாக இருப்பதை விரும்பித்தான் ஆக வேண்டும் என்பது அவர் வாதம். தனியாக உட்கார்ந்து ஒருவர் மெய்யாகிவிட முடியாது. மழை அக்கா நாளைக்கே வெள்ளவத்தை முழுக்கத் தோட்டத்தின் பெயரைச் சொல்லட்டும். அக்காவின் நெஞ்சு சுடாமல் இருக்கும், நல்லது. எங்கள் லயத்தில் கூரை ஒழுகுகிறது ஒழுகுகிறதுதான்.

நாலாவதுதான் முக்கியம். எல்லாரும் அந்த அம்மாவைப் பற்றி எழுதினீர்கள். மகளின் பொய்யை அம்மா சுமந்தார், மகளுக்காகச் சொன்னார், இது தியாகம், இது வேடம். ஒருவராவது அம்மாவிடம் கேட்டீர்களா? அக்கா, நீங்கள் கேட்டீர்களா?

---

தலவாக்கலை மழை (திங்கள், இரவு 11.02)

கேட்கவில்லை.

தங்கச்சி, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு மேலே நான் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். "அம்மா இதை எப்போது கவனித்தார்?" என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறேன், இரண்டும் என்னைப் பற்றியவை. அம்மாவின் வாயில் வந்த ஒரு வசனத்தை எடுத்து என் குற்றவுணர்ச்சிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மனிதர் ஒருவரைப் பொருளாகப் பார்ப்பது என்று பரீட்சைத் தாளில் எழுதியிருந்தேனே, அதைப் பெற்ற தாய்க்கே செய்திருக்கிறேன்.

மூன்றாம் மேசைத் தம்பி, நீங்கள் சொன்ன மழைக்கோட்டு என்னிடமும் இருக்கிறது. நான் 11 வருடமாகக் கழற்றவில்லை, படுக்கும்போதும் போட்டிருக்கிறேன்.

சேர், அந்த ரதியை எனக்கு மறக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். கேட்கிறேன்.

---

பசறைக்காரன் (செவ்வாய், மாலை 5.40)

நானும் வீட்டுக்குப் போனேன். கேட்கும் தைரியம் வரவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கொழுந்துக் கூடையின் அறுந்த கயிற்றை மாற்றிக் கட்டிக் கொடுத்தேன். என்னடா புதுசா என்று பார்த்தார். 14 மாதம் உங்கள் பேரில் சாப்பிட்டேன் என்றேன். "அதுக்கென்ன இப்ப" என்றார்.

முகவரி விசயத்தில் நான் சொன்னதை மாற்றமாட்டேன். ஆனால் அந்த நெஞ்சு ஏன் சுடவில்லை என்று இப்போது தெரிகிறது. சுட்டது வேறு ஆளை.

---

தலவாக்கலை மழை (இரண்டு வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 10.18)

காத்திருந்தவர்கள் மன்னிக்க வேண்டும். வந்த கையோடு எழுத முடியவில்லை.

சனி இரவு அம்மா ரொட்டி சுட்டார். அடுப்படியில்தான் கேட்டேன். "அந்த அக்காகிட்ட கடை வச்சிருக்கோம்னு எனக்காகத்தானேம்மா சொன்ன?"

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "ஒனக்காகவா? ஒனக்கு நான் எதுக்குப் பொய் சொல்லணும்? நான் மலையில நின்னுதானே நீ படிச்ச. அதுல என்ன மறைக்கக் கெடக்கு?"

"அப்ப ஏம்மா சொன்ன?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். நினைவில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"கடை வைக்கணும்னு ஒங்கப்பா இருக்கயிலயே நெனச்சது. சீட்டுப் போட்டுக் காசும் சேத்தேன். தகரம் பறந்துச்சே ஒரு வருசம், அந்தக் காசு கூரைக்குப் போயிருச்சு. அப்பறம் சேரல. அன்னிக்கு ஒரு கண்ணக் கட்டி வச்சிருந்தாங்க. வெளிச்சம் வேற மாதிரி இருந்துச்சு. என்ன யாருக்கும் தெரியாத எடம். அந்தப் புள்ள வந்து என்ன செய்றீங்கன்னு கேட்டுச்சு. சொல்லிப் பாப்பமேன்னு சொன்னேன். நல்லாருந்துச்சு."

அதோடு முடியவில்லை. "அந்தப் புள்ளைக்கும் தெரியும்டி. என் கையப் பாத்துச்சு. தெரிஞ்சுகிட்டேதான் கடையில கொப்பி விப்பீங்களா, கருவாடு விப்பீங்களான்னு கேட்டுச்சு. நானும் சொன்னேன். நீ வேலைக்குப் போன பொறகு தெனம் வந்துச்சு. கடன் குடுப்பீங்களான்னு கேட்டுச்சு. மாசக் கடைசியில மட்டும் குடுப்பேன்னு சொன்னேன். தேங்கா எந்தப் பக்கம் அடுக்குறது, மண்ணெண்ணெய எங்க வைக்கிறது எல்லாம் பேசிக்கிட்டோம்."

நான் அலுவலகத்தில் இருந்த அந்த நாட்களில் என் வீட்டுக் கூடத்தில் ஒரு கடை நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

எனக்காகச் சொன்ன பொய் என்று ஒரு மாதம் தூங்காமல் இருந்தேன். அம்மா தனக்காக ஒரு வசனம் சொன்னார். அதில் நான் இல்லவே இல்லை. இதைக் கேட்டதும் எனக்குப் பாரம் குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை, வேறு இடத்தில் ஏறிக்கொண்டது. 34 வயது வரை என் தாய்க்கு என்ன ஆசை என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். சீட்டுப் பிடித்ததும் தெரியும், தகரம் பறந்ததும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கடை இருந்தது தெரியாது.

என் விசயம் அப்படியே இருக்கிறது. திங்கட்கிழமை அலுவலகத்தில் புதிதாக வந்த ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, தேவையில்லாமல். அவர் "அது எங்கே" என்று கேட்டார், சொன்னேன், வேறு கதைக்குப் போய்விட்டார். 11 வருடம் நான் பயந்துகொண்டிருந்த அந்த நாலு பேரில் ஒருவராவது இவராக இருப்பார் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அம்மா அரைக் கிலோ தேயிலை கொடுத்துவிட்டார். தோட்டத்தில் கொடுக்கிற தூள். இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். "அம்மா கடையிலிருந்தா?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். "அம்மா பறிச்சது அக்கா" என்றேன். "அதுவும் தெரியும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

---

காமன்பொட்டல் (ஞாயிறு, இரவு 10.50)

வாசித்தேன், பிள்ளை. அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

---

அரைப்பேர் (ஞாயிறு, இரவு 11.05)

மாசக் கடைசியில் மட்டும் கடன் என்றாரே, அது சரியான கணக்கு. சம்பளம் வருவது பத்தாம் திகதிவாக்கில். அந்த இரண்டு வாரம்தான் எல்லாருக்கும் கை இறுகும். அம்மா இதைச் சும்மா சொல்லவில்லை, யோசித்து வைத்திருக்கிறார்.

---

மூன்றாம் மேசை (திங்கள், அதிகாலை 1.45)

அக்கா, கடைக்கு அம்மா எங்கே இடம் பார்த்திருக்கிறார்?

---

தலவாக்கலை மழை (திங்கள், இரவு 9.30)

பிள்ளைக்காம்பராவுக்கு மேலே, ரோட்டு வளைவில். பஸ் நிற்கிற இடம். நிலம் தோட்டத்தினுடையது, ஒரு பலகை அடிப்பதென்றாலும் அனுமதி வேண்டும். கிடைக்குமா என்று தெரியவில்லை. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அனுப்புநர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர், டிவிசன், லய இலக்கம், காம்பரா இலக்கம் எல்லாம் போட்டேன்.

போனில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கடைன்னு மொட்டையா எழுதாத, சில்லறைக் கடைன்னு எழுது" என்றார். மாற்றிவிட்டேன்.